மூட்டத்துக்குள் விழுந்த குண்டுகள்

தோற்பது எனக்கு ஆகாது. சின்ன வயதில் தாயத்தில் தோற்றால்கூட இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து வீட்டில் உயிரை வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட ஆள் கோரிப்பாளையத்தில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தொடர்ந்து பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தோற்றேன்.

நாங்கள் இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம். நான் பள்ளியில் வேதியியல் வாத்தியார். அவன் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். ஞாயிறு காலையில் இட்லி இறங்கியதும் வண்டியூரிலிருந்து வண்டியைக் கிளப்பினால், மதியச் சாப்பாடு வரைக்கும் அவன் வீட்டு மாடியில் போர்தான்.

விளையாட்டு இதுதான். திரை முழுக்கத் தேன்கூடு மாதிரி கட்டங்கள். காடு, சாலை, ஆறு, ஊர் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆளுக்கொரு படை. ஒருவன் நகர்த்தி முடித்த பிறகு அடுத்தவன் நகர்த்த வேண்டும். நம் சிப்பாய்களின் கண்ணுக்கு எட்டியது மட்டுமே நமக்குத் தெரியும், மற்றதெல்லாம் சாம்பல் நிறம். ஃபாக் ஆஃப் வார் என்று அதற்குப் பெயர், நாங்கள் மூட்டம் என்போம். மார்கழி விடியலில் அலங்காநல்லூர் பஸ்ஸில் போயிருந்தால் தெரியும். வயலும் தெரியாது, ரோடும் தெரியாது, டிரைவர் ஹாரனை நம்பித்தான் ஓட்டுவார்.

இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதனால் ஒருவன் ஆடும்போது மற்றவன் எழுந்து வாசலுக்கு வெளியே படிக்கட்டில் போய் நிற்க வேண்டும். கீழே சிக்னலில் ஆட்டோக்கள் முட்டி மோதுவதை வேடிக்கை பார்க்கலாம். உள்ளிருந்து "வா மாப்ள" என்று குரல் வந்தால்தான் திரும்ப வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது அவன் கொண்டுவந்தது. போர் முடிந்ததும் திரையில் ஒரு ரிப்போர்ட் வரும். எந்தப் பிரிவு எத்தனை முறை சுட்டது, எத்தனை பட்டது, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று வரிசையாக இருக்கும். தோற்றவன் அதை ஒரு வரி விடாமல் சத்தமாக வாசிக்க வேண்டும். லேப்காரன் புத்தி. "ரிப்போர்ட்டப் பாக்காம யாரையும் கொற சொல்லக் கூடாது மாப்ள" என்பான். பதினான்கு வாரமும் நான்தான் வாசித்தேன். ஐந்து டாங்கிகள் போன கணக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒன் ஆளுக நல்லாத்தான் சண்ட போட்டிருக்காக. நீதான் அவசரப்பட்டுட்ட" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினைந்தாவது வாரம் அவர்கள் வீட்டில் பெருநாளுக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். பீரோவைச் சுவரிலிருந்து இழுத்து நடு அறையில் திருப்பி வைத்திருந்தான். நான் படிக்கட்டில் நின்றபடி தற்செயலாகத் திரும்பினேன். பாதி திறந்த கதவு, அதற்குள் பீரோக் கண்ணாடி, கண்ணாடிக்குள் அவனுடைய திரை.

உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அது சத்தியம். பிறகு மறுபடியும் பார்த்தேன், அதுவும் சத்தியம்.

தெற்குக் காட்டுக்குள் இரண்டு பீரங்கிகளையும் ஒரு பிரிவு ஆட்களையும் ஒளித்து வைத்திருந்தான். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேதியியல் வாத்தியாருக்கு எம்புட்டு நேரம் ஆகும்? உள்ளே போய் உட்கார்ந்தேன். சிறுபீரங்கிகள் மட்டும் மூட்டத்துக்குள்ளும் குத்துமதிப்பாகச் சுடும். என் ஆட்கள் எவனும் பார்த்திராத அந்தக் காட்டின் மேல் அவற்றைத் திருப்பினேன். அன்று நான் ஜெயித்தேன்.

முதல் முறையாக அவன் ரிப்போர்ட் வாசித்தான்.

"சிறுபீரங்கி. சுட்டது நாப்பத்தெட்டு. பார்வையில் இருந்த இலக்கு, பூஜ்யம். வீழ்த்தியது…" என்று நிறுத்தினான்.

"நான் படிக்கட்டுலதான்யா நின்னேன்" என்றேன்.

அவன் ஒன்றும் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானாகவே போய்ச் சொன்ன கதைதான். அவன் என்னைப் பார்த்தான், பீரோவைப் பார்த்தான்.

"குருட்டு அதிர்ஷ்டமா மாப்ள?"

"ஆமா."

மீதி வரிகளையும் அவன் ஒழுங்காக வாசித்து முடித்தான். டீ வந்தது, குடித்தோம், நான் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு அவனுக்கு லேபில் வேலை. அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. மூன்றாவது வாரம் போனையே எடுக்கவில்லை. பதினான்கு வாரம் தோற்றபோது நன்றாகத் தூங்கியவன் ஜெயித்த பிறகு புரண்டு புரண்டு படுத்தேன். ஒரு விளையாட்டில் ஜெயிக்க ஆசைப்பட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கூட இருந்தவனைத் தொலைக்கப் போகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேறு நண்பர்கள் கிடையாது. இவனை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நேரே போய் அவன் முன்னால் நின்றேன். "கண்ணாடியில பாத்தேன். பாத்துட்டுத்தான் சுட்டேன்."

"தெரியும்" என்றான். "பீரோவ அப்புடித் திருப்பி வச்சது நான்தான். யாரு நின்னாலும் கண்ணு போகத்தான் செய்யும். ஆனா நான் கேட்டேன்ல, அப்ப ஆமான்னு சொன்ன பாத்தியா, அதுதான் மாப்ள தாங்கல. நீ எப்பயும் போல வீட்டுக்கு வா, டீ குடி. கேம் மட்டும் வேணாம்."

சரி, வருகிறேன் என்றேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். எட்டு ஞாயிறு விடாமல் போனேன். மழை கொட்டிய ஒரு நாள் முழங்கால்வரை நனைந்துகொண்டு போனேன். கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய துண்டு கிடந்தது, அதை இருவரும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்போம். அவன் மனைவிக்கே பொறுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கண்ணே. இங்க டீத்தூள்தான் தீருது" என்றது.

ஒன்பதாவது ஞாயிறு நான் கேட்டேன். "அதே போரு, அதே மேப்பு. இந்தத் தடவ ஒன் பக்கத்த நான் ஆடுறேன், என் பக்கத்த நீ ஆடு. ஒரே ஒரு தடவ."

டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து துண்டை எடுத்தான்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதை வரும் வழியிலேயே தீர்மானித்திருந்தேன். அதே தெற்குக் காட்டில், அன்று அவன் வைத்திருந்த அதே கட்டங்களில், இரண்டு பீரங்கிகளையும் அந்தப் பிரிவையும் வைத்தேன். அங்கிருந்து அவர்களை அசைக்கவே போவதில்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நாற்பத்தெட்டுக் குண்டுகளும் என் தலையில் விழட்டும், அதன் பிறகாவது மனம் ஆறுவான் என்று நினைத்தேன். படிக்கட்டுக்குப் போய்க் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் காட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு குண்டு விழவில்லை. மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று, ஐந்தாம் சுற்று, எதுவும் இல்லை. ஆறாவதில் அவனுடைய காலாட்படை காட்டை ஒட்டிய சாலையில் சாவகாசமாக வந்தது. எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் ஒளிந்திருக்கும் ஆட்கள் தாங்களாகவே சுட்டுவிடுவார்கள், விளையாட்டின் விதி அப்படி. என்னால் தடுக்க முடியவில்லை. சாலை முழுக்க அவன் ஆட்கள் விழுந்தார்கள்.

அத்தோடு போர் முடிந்தது. தோற்றவன் அவன், அதனால் அவன்தான் வாசித்தான்.

"காலாட்படை. இழந்தது முப்பத்தொண்ணு. சிறுபீரங்கி. சுட்டது, பூஜ்யம்."

"நிறுத்துடா" என்றேன். "அங்கதான் வச்சிருப்பேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நான் வச்ச எடம்தானே. ரெண்டாஞ் சுத்துலயே நெனச்சேன், நீ நகத்திருக்க மாட்டன்னு."

"அப்பறம் ஏன்டா சுடல?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "எனக்குத் தெரியும் மாப்ள. என் ஆளுக யாரும் பாக்கலையே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அவன் என் பக்கம் திரும்பவில்லை. "இன்னும் ரெண்டு வரி இருக்கு, குறுக்க பேசாத" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு வாசித்தான்.