அச்சில் இல்லாத தாய்மாமன்

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபுக்குள் போன மாதம் ஒரு தாய்மாமன் புகுந்துவிட்டார்.

ஆளாக இல்லை, பெயராக. காலையில் வந்ததும் அழிப்பேன். மறுநாள் காலையில் பார்த்தால் அதே கட்டத்தில் அதே பெயர் உட்கார்ந்திருக்கும். ‘பால்பாண்டி, தாய்மாமன், மேலூர்.’ நான்கு முறை அழித்தேன். நான்கு முறையும் திரும்பி வந்தார். மாணவர்கள் பேய் என்றார்கள். நான் ஒழுங்கீனம் என்றேன். இரண்டுமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

நான் தமிழ் வாத்தியார் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி. இருபத்தைந்து வருஷமாக சாக்பீஸ் தவிர வேறு எந்தக் கருவியையும் தொடாதவன். என்னைக் கூப்பிட்டு, “கம்ப்யூட்டரை வச்சு இலக்கியம், வரலாறு, சமூகம் எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்றது எப்படின்னு ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் நடத்துங்க” என்றார் முதல்வர். ஏன் நான்? இதைப் பற்றிய ஐந்து நாள் பயிலரங்குக்குப் போய்வந்த ஒரே ஆள் எங்கள் கல்லூரியில் நான்தான். நான் போனது மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு... அது முதல்வருக்குத் தெரியாது.

இருபத்துநான்கு மாணவர்கள். ஒன்பது கம்ப்யூட்டர்கள். அதில் இரண்டு, தூசு உறையைத் தாங்கிக்கொண்டிருப்பதோடு சரி.

பயிலரங்கில் ஒரு வித்தை கற்றிருந்தேன். இன்டர்நெட்டில் ஓர் அட்டவணை. எந்த ஊரிலிருந்தும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் அதில் எழுதலாம். பெயர்களையும் உறவுகளையும் ஏற்றிவிட்டால் இன்னொரு சாப்ட்வேர் ஒவ்வொரு பெயரையும் புள்ளியாக்கி, உறவுகளைக் கோடுகளாக இழுத்து, படமாகக் காட்டும். யாருக்கு யார், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் — எல்லாம் ஒரே பார்வையில்.

சரி, எதை ஏற்றுவது? ஓலைச்சுவடிக்கு நாங்கள் எங்கே போக? எல்லோர் வீட்டிலும் சும்மா கிடக்கிற ஒன்று வேண்டும். கல்யாணப் பத்திரிகை.

சிரிக்காதீர்கள். மதுரைப் பக்கத்துப் பத்திரிகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், மூத்த மாப்பிள்ளை, இளைய மாப்பிள்ளை, ‘மழலைகள்’ என்று இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகள் வரைக்கும். ஓர் ஊரின் உறவுமுறை முழுவதும் மஞ்சள் தடவிய நான்கு பக்கத்துக்குள் இருக்கிறது. இதைவிட நல்ல ஆவணம் எது?

அட்டவணையில் நான்கு கட்டம் போட்டேன். பெயர், உறவு, ஊர், ஆதாரம். போர்டில் கொட்டை எழுத்தில் ஒரு விதியும் எழுதினேன்: ‘அச்சில் இருப்பதை மட்டும் ஏற்று. இல்லாததை ஏற்றாதே.’ அதற்குக் கீழே பாஸ்வேர்டு. எல்லோருக்கும் ஒன்றே. தனித்தனியாகக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள் என்று நானே யோசித்துச் செய்த ஏற்பாடு.

முதல் பத்திரிகை என் மகள் கல்யாணத்தினுடையது. மாதிரிக்காக நானே உட்கார்ந்து ஏற்றினேன். அறுபத்திரண்டு பெயர். “இப்படித்தான் இருக்கணும். சுத்தமா” என்று மாணவர்களிடம் காட்டிக்கொண்டேன்.

முதல் வாரமே ஒரு கலாட்டா. யாரோ பெயர்களை அகரவரிசைப்படுத்தும் பட்டனை அமுக்கிவிட்டார்கள். ஒரு மாணவன் வீட்டுப் பத்திரிகையில் இருந்த அகிலன் என்ற இரண்டு வயதுப் பேரன் உச்சிக்குப் போய்விட்டான். குடும்பத்தின் மூத்தவரான வேலுச்சாமி அடியில் கிடந்தார். அந்த வீட்டு மாணவன் முகம் வெளுத்து என்னிடம் வந்தான்.

“ஐயா, எங்க பெரியப்பா பாத்தார்னா தொலைஞ்சேன். அவரு பேருக்கு மேல இதுவரைக்கும் சாமி படத்தைத் தவிர எதுவும் வந்ததில்ல.”

“கம்ப்யூட்டருக்குப் பெரியவன் சின்னவன் கிடையாதுப்பா.”

“கம்ப்யூட்டருக்கு இல்லீங்கய்யா. எங்க பெரியப்பாவுக்கு உண்டு.”

ஐந்தாவதாக ‘வரிசை எண்’ என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா மறுபடி உச்சிக்குப் போனார். ஆராய்ச்சி தொடர்ந்தது.

அதற்கப்புறம்தான் பால்பாண்டி வந்தார்.

கயல்விழி என்று ஒரு மாணவி. சமயநல்லூர். அவள் அக்காவின் கல்யாணப் பத்திரிகையில், தாய்மாமன் என்ற இடத்தில் ராமசாமி என்று ஒரே ஒரு பெயர்தான் அச்சாகியிருந்தது. அட்டவணையிலோ அவருக்கு மேலே பால்பாண்டி. பத்திரிகையை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. அழித்தேன். மறுநாள் வந்தார். அழித்தேன். வந்தார்.

யார், எப்போது மாற்றினார்கள் என்று அந்த அட்டவணையே குறித்து வைக்கும். போய்ப் பார்த்தேன். நேரம், சாயங்காலம் ஆறே காலிலிருந்து ஆறே முக்காலுக்குள். எங்கள் லேபை நாலு மணிக்கே பூட்டிவிடுவோம். ஆள் யார்? ‘தமிழ்த் துறை’ என்றது. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்த புத்திசாலி யார் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும்.

வகுப்பில் சாமியாடினேன். “இல்லாத ஆளை இருக்கிறதா எழுதுறது ஆராய்ச்சி இல்ல, மோசடி. நாளைக்கும் இந்தப் பேர் இருந்துச்சுன்னா இந்தப் பத்திரிகையவே திட்டத்துலயிருந்து தூக்கிருவேன்.”

கயல்விழி எழுந்து, “நான் ஏத்தலைங்கய்யா” என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை.

மறுநாள் துறை வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் குடை, தோளில் ரெஜிஸ்டர்கள் துருத்திக்கொண்டிருந்த பை. பாக்கியம், கயல்விழியின் அம்மா. அங்கன்வாடி டீச்சர்.

“அந்தப் பேரை ஏத்துனது நான்தாங்கய்யா. பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக.”

எனக்கு உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. “நீங்களா... எப்படி?”

“லேப்ல முடியாத வேலைய இவ சாயங்காலம் பிரவுசிங் சென்டர்ல போயித்தான் முடிப்பா. பொம்பளப் பிள்ளைய ஒத்தையில அனுப்புவமா? தடுப்புத் தடுப்பா வச்சிருக்கான். கூடப் போயி பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிருவேன். ரெண்டு நாள் பாத்தேன், எப்படி அடிக்கிறதுன்னு பிடிபட்டுருச்சு. இவ பிரிண்ட் எடுக்க எந்திரிச்சுப் போவா. அதுக்குள்ள அடிச்சு விட்டுருவேன்.”

ஐந்து நாள் பயிலரங்கில் நான் கற்றதை இந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு நாளில் கற்றிருக்கிறார். விழுங்கிக்கொண்டு கேட்டேன். “பத்திரிகையில தாய்மாமன்னு ராமசாமி இருக்காரேம்மா?”

“எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா மகன்ங்கய்யா. கல்யாணத்தன்னைக்குத்தான் எம்பிள்ளைய மொதமொதப் பாத்தான். பால்பாண்டிதான் என் கூடப் பொறந்த தம்பி. நிச்சயத்தன்னைக்குச் சபையில, மாப்ள கொஞ்சம் குட்டைன்னு சொல்லிப்புட்டான். எங்க வீட்டுக்காரரு கோவத்துல பத்திரிகை ப்ரூப்ல அவன் பேரைக் கோடு போட்டு அடிச்சுட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அவன் கல்யாணத்துக்கே வரல.”

“மாப்பிள்ளை... குட்டையா?”

“குட்டைதாங்கய்யா. அதுக்காக?”

அந்த ‘அதுக்காக’ தம்பிக்கா, கணவருக்கா, எனக்கா என்று தெரியவில்லை. நான் என் விதியைப் பிடித்துக்கொண்டேன். “அச்சுல இல்லையேம்மா. ஆதாரம்னு ஒண்ணு வேணும்ல?”

பாக்கியம் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

“இது அழியாது, எந்த ஊர்லயிருந்தும் பாக்கலாம், நூறு வருசம் கழிச்சும் படிப்பாகன்னு நீங்க கிளாஸ்ல சொன்னீகளாம். கயலு வந்து சொல்லுச்சு. நூறு வருசம் கழிச்சுப் படிக்கிறவுக, இந்தப் பாக்கியத்துக்குக் கூடப் பொறந்தவனே இல்லன்னு நெனைக்கவாய்யா? பத்திரிகை என் கையில இல்ல. இது ஒண்ணுலதான் யாரையும் கேக்காம எழுதலாம்னு இருந்துச்சு. எங்க அங்கன்வாடி ரெஜிஸ்டர்ல பிள்ளை பேரு விட்டுப்போச்சுன்னா மறுநா ஏத்திக்கிருவோம். பிள்ளை இருக்குதான? கூடப் பொறந்த நானே வந்து நிக்கிறேன். இன்னும் என்ன ஆதாரம் வேணும்?”

அழியாது என்று வகுப்பில் முழங்கியவன் நான். நான்கு முறை அழித்தவனும் நானே. அந்த நிமிஷம் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அச்சில் இருந்ததுதான் பொய். போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, அந்தப் பொய்க்கு நான் காவல் நின்றிருக்கிறேன்.

அவர் முன்னாலேயே கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஆறாவதாக ஒரு கட்டம்: ‘அச்சில் இல்லாதவர்.’ பால்பாண்டியின் பெயரை ஐந்தாவது முறையாக அவரையே அடிக்கச் சொன்னேன். ஆதாரம் என்ற கட்டத்தில் ‘உடன்பிறந்தவர் நேரில் சொன்னது’ என்று நான் எழுதினேன். பாக்கியம் திரையை இரண்டு தரம் வாசித்தார். “வாரேங்கய்யா, அங்கன்வாடி பூட்டிக் கெடக்கு” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல்வரிடம் இதற்கு ‘வாய்மொழித் தரவு’ என்று பெயர் சொன்னேன். பெரிய வார்த்தை சொன்னால் அவர் எதற்கும் தலையாட்டுவார்.

கட்டத்தைத் திறந்ததுதான் தாமதம். பத்தே நாளில் நிரம்பத் தொடங்கிவிட்டது. காதல் கல்யாணம் செய்துகொண்டதால் விடுபட்ட அக்கா. வரப்புத் தகராறில் கோர்ட் படியேறிய பெரியப்பா. மிஷன் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பையன் ஒருவன், சபை மாறிப் போன அத்தையை ஏற்றினான். சௌராஷ்டிர வீட்டுப் பெண் ஒருத்தி, தங்கள் சமூகத்துக்கு வெளியே பெண் எடுத்த அண்ணனை ஏற்றினாள். கூடவே அண்ணியை. கூடவே, யாருமே பார்க்காத அவர்கள் குழந்தையை ‘மழலைகள்’ வரிசையில்.

மறுபடி படம் போட்டோம். அதுவரை எதனோடும் ஒட்டாமல் தனியாகக் கிடந்த புள்ளிகளுக்கெல்லாம் கோடு வந்திருந்தது. எல்லோரும் திரைக்கு முன்னால் முண்டிக்கொண்டு தங்கள் வீட்டுப் புள்ளியைத் தேடினார்கள். கயல்விழிதான் திரும்பிக் கேட்டாள்.

“ஐயா, ஒங்க வீட்டுப் பத்திரிகையில மட்டும் அந்தக் கட்டம் காலியா இருக்கு. ஒருத்தர்கூட விட்டுப்போகலைங்களா?”

“இல்லம்மா” என்றேன்.

பொய். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். சேகர். திருச்சியில் இருக்கிறான். என் மகள் கல்யாணத்தின்போது, ப்ரூபில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவன் நான். காரணம்? அப்பாவின் நினைவு நாளை யார் வீட்டில் கும்பிடுவது என்று வந்த வாய்ச்சண்டை. பத்தியில் எழுதுகிற அளவுக்குக்கூடப் பெரிய காரணமில்லை. அதுதான் உறுத்துகிறது. பாக்கியத்தின் கணவர் மீது எனக்கு வந்த கோபத்தில் பாதி, கண்ணாடியைப் பார்த்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ‘சேகர், சித்தப்பா, திருச்சி.’ ஆதாரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? உடன்பிறந்தவன் நேரில் அடித்தது என்றா... காலியாக விட்டேன். ஒரே பாஸ்வேர்டுதானே, யார் ஏற்றியது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று ஓர் அற்ப தைரியம்.

திங்கட்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்புமுன் திறந்து பார்த்தேன். சேகர் இருந்தான். பக்கத்தில் ஆதாரம் என்ற கட்டம் நிரம்பியிருந்தது.

ஒரு செல்போன் நம்பர்.

பாஸ்வேர்டை மறக்காமலிருக்க, வீட்டுக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுக்களையை எட்டிப் பார்த்தேன். மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“இந்த நம்பர் ஒனக்கு எப்படிக் கெடச்சுச்சு?”

“எங்கிட்ட எப்பவும் இருக்கு. நீங்க கேக்கல.”

“அதை எதுக்கு அங்க போயி எழுதுன?”

“ஆதாரம் இல்லாம எதையும் ஏத்தக்கூடாதுன்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொல்றீக” என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆராய்ச்சியில் ஒரு விதியை நான் இன்னும் விடவில்லை. ஆதாரம் கிடைத்தால் சரிபார்த்தே ஆக வேண்டும். போனை எடுத்து அந்த நம்பரை அமுக்கினேன்... இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.