பலா மரத்துப் பக்கம் இறங்கக் கூடாது

மலாக்கா டவுனுக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமானால் புலாவ் செபாங் வரை போக வேண்டும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், பெரியப்பா என்னையும் தங்கையையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே ரயிலைக் காட்டினார். அதுவே எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். பெரியப்பா அதுவரை எங்களோடு சிரித்துப் பேசியவர் அல்ல. பக்கத்து வீடுதான் என்றாலும், அவர் வாசலில் எங்கள் சைக்கிள் கிடந்தால் எடுக்கச் சொல்வார், டிவி சத்தமாக ஓடினால் சன்னல் வழியாக அதட்டுவார். உறவு அவ்வளவோடு சரி. அன்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில், "நம்ம வூட்டுக்குப் பின்னால ஒரு ரயிலு விடலாமா?" என்று கேட்டார். தங்கை உட்கார்ந்த இடத்திலேயே குதித்தாள்.

எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே நிலத்தில் இருந்தன. தாத்தா எஸ்டேட்டை விட்டு வெளியேறியபோது செங் பக்கம் ஒரு கம்போங் கிராமத்தின் ஓரத்தில் வாங்கிப் போட்ட நிலம். அவர் இறந்து பல வருடங்கள் ஆகியும் அண்ணன் தம்பி இருவரும் அதைப் பிரித்துக்கொள்ளவில்லை. முன்னால் இரண்டு வீடுகள். பின்னால் மழைத் தண்ணீர் ஓடும் லொங்காங் வரை வேலி இல்லாத வெறும் தரை. நடுவில், கொஞ்சம் எங்கள் பக்கமாகவே, ஒரு பலா மரம். அதைச் சுற்றி அம்மா கறிவேப்பிலையும் மஞ்சளும் பாண்டான் இலையும் நட்டு வைத்திருந்தாள். கட்டுக் கட்டாகக் கட்டிக் கிளேபாங் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தனுப்புவாள். பலா மரத்துக்கு அப்பால் எனக்கும் தங்கைக்கும் இரண்டு அறை கட்ட வேண்டும் என்பது அப்பாவின் கனவு. நாங்கள் அப்போது ஹாலில் பாய் போட்டுத்தான் படுத்தோம்.

பெரியப்பா ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் மேற்பார்வையாளர். சரக்கு அடுக்கும் பேலட்டுகளின் உடைந்த பலகைகளை வேன் நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். அவர் எதையும் ஒழுங்காகச் செய்பவர். முதலில் இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு முளை அடித்தார். லொங்காங் ஓரத்தில் இன்னொரு முளை. இரண்டுக்கும் நடுவே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினார். தங்கைக்குப் பலா மரத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை வேண்டும். "ரயிலுன்னா நேராத்தான் போவும் லா" என்று சிரித்தார் பெரியப்பா. கயிறு நேராகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து போனது. ஏன் என்று நான் கேட்டேன். "இங்கதான் சரிவு இருக்கு. சரிவுல வுட்டாத்தான் வண்டி வேகமா ஓடும்" என்றார். ஒன்பது வயதுக்கு அது போதுமான பதில்.

பாதை அம்மாவின் செடிகளுக்குள் புகுந்தது. அம்மா அப்பாவிடம் சொன்னாள். ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணனுக்கு இப்பத்தான் புள்ளைங்க மேல பாசம் வந்திருக்கு. ஒனக்கு அதுவும் பொறுக்கலையா?"

 மறுநாள் அம்மா வேரோடு ஒவ்வொரு செடியாகத் தோண்டி எடுத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டாள். நாங்களும் உதவினோம். கறிவேப்பிலைக் கன்றைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எங்களுக்கு ஒரே கும்மாளம்.

பெரியப்பாவின் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. பலகைகளை நீளவாக்கில் அறுத்துத் தண்டவாளமாக்கினார். குறுக்கே கட்டைகளைப் புதைத்து அவற்றின் மேல் ஆணி அடித்தார். சக்கரத்துக்கு ஒட்டுப்பலகையில் பெரிய வட்டம் ஒன்று, சிறிய வட்டம் ஒன்று வெட்டி இரண்டையும் சேர்த்து முடுக்கினார். பெரிய வட்டம் தண்டவாளத்தின் உள்பக்கமாக இறங்கி ஓடும். வண்டி தடம் புரளாது. மேலே ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கூடை. அதற்குள் நாங்கள் இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவோம். பழைய மெழுகுவர்த்திகளைப் பலகையில் தேய்த்துவிட்டு, வாயில் விசில் வைத்து ஊதி, ஒரு தள்ளு தள்ளுவார். வண்டி கடகடவென்று லொங்காங் வரை ஓடும். பக்கத்துக் கம்போங் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அந்த விடுமுறையில் என்னைப் போல் பணக்காரி அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை.

ரயிலுக்கு ஒரே ஒரு விதிதான். எங்கள் வீட்டுப் பக்கமாக மட்டுமே இறங்க வேண்டும். பலா மரத்துப் பக்கம் இறங்கினால் தோப்புக்கரணம். தங்கை இரண்டு முறை மறந்து இறங்கிவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். அதற்குப் பிறகு பந்து அந்தப் பக்கம் உருண்டு போனால்கூட நாங்கள் பெரியப்பாவைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் ஏறினார். கூடை அவருக்குப் பற்றவில்லை, கால்கள் இரண்டும் வெளியே தொங்கின. பெரியப்பா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடினார். "மெதுவா தள்ளுண்ணே, மெதுவா!" என்று அப்பா கத்த, பாதி வழியில் சக்கரம் நின்றுபோய் இருவரும் புல்லில் விழுந்தார்கள். எழுந்திருக்கக்கூட முடியாமல் சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பெரியப்பாவின் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்தச் சிரிப்பிலாவது கள்ளம் இல்லையா என்று இன்றும் யோசிக்கிறேன். கள்ளம் இல்லை என்றால் அவரை வெறுப்பது இன்னும் கடினமாகிவிடுகிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகனுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைப் பெரிதாக்க வேண்டும், அதற்கு நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நில அளவைக்காரரைக் கூப்பிடும் முன் எல்லையைத் தங்களுக்குள் பேசி முடிக்க, கோயில் தலைவரை வரவழைத்தார்கள். வெள்ளைச் சட்டையும் கைக்குட்டையுமாக வந்தவர் பின்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரியம்மா அவருக்கு மைலோ கலந்து கொடுத்தாள்.

"சரிபாதியா பிரிச்சிடலாம்ண்ணே" என்றார் அப்பா.

"ரொம்ப நாளா ஒரு எல்லை இருக்குதே, தம்பி. அவங்கவங்க பக்கத்த அவங்கவங்க பொழங்கிட்டு வர்றோம். ஒன் பொண்டாட்டியே செடி கொடியெல்லாம் அந்தப் பக்கமாத்தானே வச்சிருக்கா?" என்றார் பெரியப்பா.

வாசற்படியில் நின்ற அம்மா, "அது ரயிலுக்காக மாத்தி வச்சது" என்றாள். பெரியம்மா சிரித்தாள். "ரயிலாம்! வெளையாட்டு சாமானுக்கு யாராச்சும் தோட்டத்த மாத்துவாங்களா?" என்று தலைவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. கட்டிக் குடுத்தா போயிடும். எங்களுக்கு அப்படியா? மருமக வந்து பொழங்கணும் இல்ல?" என்றாள்.

பேச்சு தடித்தது. தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், பிள்ளைகள் பொய் சொல்லாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

"வாம்மா. நீங்க எங்க வெளையாடுவீங்க?"

"இந்தப் பக்கம், தாத்தா."

"அந்தப் பக்கம் போவ மாட்டீங்களா?"

"போவக் கூடாது. பலா மரத்துப் பக்கம் எறங்குனா தோப்புக்கரணம் போடணும்."

பள்ளியில் ஒப்புவிப்பதைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தது பெருமையாக இருந்தது. "கெட்டிக்காரி" என்று தலைவர் கன்னத்தைத் தட்டினார். பெரியப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் கை ஈரமாக இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் அவர் பக்கம் திரும்பி, சரிதானா என்று கேட்டார். அப்பா, "அண்ணன் சொல்றபடியே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் கயிறு கட்டிய அதே நேர்கோட்டில் சுவர் எழும்பியது. தண்டவாளத்தைப் பெயர்த்து, அந்தப் பலகைகளையே கான்கிரீட் ஊற்ற அச்சாக வைத்து அடித்தார்கள். தங்கை கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூடை மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. பலா மரத்தை வெட்டி அந்த இடத்தில் புதுச் சமையலறை வந்தது. எங்கள் பக்கம் மிஞ்சிய துண்டில் துணி காயப்போடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. எங்களைக் கட்டிக் கொடுக்கும் வரை நானும் தங்கையும் ஹாலில்தான் படுத்தோம். பெரியம்மா கணக்கு அந்த அளவில் சரியாகத்தான் இருந்தது. பெரியப்பா அதன் பிறகு ஒருநாளும் எங்களைக் கூப்பிட்டு விளையாடவில்லை. அம்மா அந்த வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அப்பா மட்டும் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஏன் போகிறீர்கள் என்று பெரியவளான பிறகு கேட்டேன். "அண்ணன் கூப்பிட்டாரே" என்றார்.

தலைவர் வந்துபோன அன்று சாயந்திரம் நாங்கள் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். பொரித்த மீன் இருந்தது. அப்பா தன் தட்டிலிருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். தலைவர் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதற்கு அது பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் சரியாத்தானேப்பா சொன்னேன்?"

"நீ சரியாத்தாம்மா சொன்னே" என்றார் அப்பா. "சாப்புடு."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் கழுவுகிறாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் தட்டுகள் எல்லாம் இன்னும் எங்கள் முன்னால்தான் இருந்தன. உள்ளே அவள் எதைக் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.