கம்ப்யூட்டரில் அழுதவள்

மாமனார் படுக்கையில் விழுந்த மூன்றாவது வருஷம், பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். அதில் தலைவிரி கோலமாக ஒரு பெண்பேய் வரும். அது வாயைத் திறந்து ஊளையிட்டால் எதிரில் நிற்பவனுக்குப் பாதி உயிர் போய்விடும். அயர்லாந்துக் கதைகளில் வருகிற பான்ஷீயாம். சாவு விழப்போகிற வீட்டுக்கு முன்கூட்டியே வந்து அழுமாம். மகள் சொன்னபோது, அழுவதற்காவது ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் நினைத்தேன். எனக்கு அதற்கும் தெம்பில்லை. விடிகாலையில் அவருக்குத் துணி மாற்றி, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போய், திரும்பி வந்து மறுபடி துணி மாற்ற வேண்டும். கணவருக்கு வளைகுடாவில் வேலை. அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று கடிதம் எழுதுவார், அவ்வளவுதான்.

கரமனையில் எங்கள் அக்ரகாரத்து வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். தெருவில் ஒரு சாவு என்றால், எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஒருநாள் சாயங்காலம் நான் பஸ் இறங்கி வந்தபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது. அடுத்த வீட்டு மாமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசைத் திடப்படுத்திக்கோ. குழந்தை தனியா அலறறது, தட்டினா கதவைத் திறக்கலை. நாங்க எல்லாரும் அடுப்பை அணைச்சாச்சு."

நான் அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை.

கொசுவுக்காகச் சாத்தியிருந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் மாமனாரின் கட்டில். அங்கிருந்து, அந்த இரைச்சலில் அதுவரை யார் காதிலும் விழாத அவர் மெலிந்த குரல் வந்தது.

"வந்துட்டியா? சித்த நேரம் உக்காந்துண்டே இரு. எனக்கு இப்போ ஒண்ணும் வேண்டாம்."

உள்ளே பான்ஷீ இன்னொரு தடவை ஊளையிட்டது.

விளையாட்டு மும்முரத்தில் மகளுக்குக் கதவு தட்டினதே கேட்கவில்லை என்று தெரிந்ததும் தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது. மாமிக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. அப்புறம் அந்த ஊளை கேட்டாலே சுவரில் தட்டுவாள், மகள் சத்தத்தைக் குறைப்பாள். மாமனார் அன்றிலிருந்து தண்ணீர் கேட்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ராத்திரி அவர் துணியை அலசிப் போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஸ்பூனை அவர் விழுங்கவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போது என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே அன்றுவரை தெரியாது. நிறுத்த முடியவில்லை.

யாரும் வரவில்லை. சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

"விளக்கு வைக்கற நேரமாக்கும். அந்தப் பேயைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்றாள் மாமி.

கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டிலிருந்து கடுகு தாளிக்கிற வாசனை வந்தது.