சட்டைப் பையில் இருந்த புற்றுமண்

எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. சங்கரன்கோவிலுக்கு வந்து, அவளுக்குப் பூசக் கோயில் புற்றுமண் வாங்கினேன். திரும்பிப் போனதும், பெங்களூரில் நான் வேலைபார்க்கும் விமான இஞ்சின் ஆலைக்குள் அந்தப் பொட்டலத்தோடே நுழைந்துவிட்டேன். தூசிகூட நுழையக் கூடாத கூடம்! மதியம் பையில் கைவிட்டால் பொட்டலம் கிழிந்து பாதி மண்ணைக் காணோம். மிச்சத்தைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

மறுவாரம் சோதனை ஓட்டத்தில், அன்று நான் குனிந்து வேலைபார்த்த இஞ்சினின் எண்ணெய் வடிகட்டியில் மண் சிக்கியது. ஆகாயத்தில் சிக்கியிருந்தால்? “யாரு?” என்று கத்தினார் மேலாளர். அப்போதெல்லாம் தவறை ஒப்புக்கொண்டவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். அந்த இஞ்சினின் மூடியை மாட்டிக் கையெழுத்துப் போட்டவன் என் கடையநல்லூர் நண்பன்; என்னை அங்கே சேர்த்துவிட்டவனும் அவன்தான். அவனை அனுப்பிவிட்டார்கள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

இரண்டு வருடம் கழித்து வந்த மேலாளர் வேறு மாதிரி. தவறைச் சொன்னவனுக்குத் தண்டனை கிடையாது என்றார். யார் நம்புவது? ஸ்பேனரைத் தொலைத்ததாக ஒருவன் போய்ச் சொன்னான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். கைதட்டினார்கள். எல்லோருடைய உடுப்பிலும் பையைத் தைத்து மூடினார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதே என் வேலையாயிற்று. நண்பனிடம் மட்டும் சொல்லவில்லை. ஆலையிலிருந்தே அவனுக்குக் கடிதம் போடுவார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தபோது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். விசைத்தறிக் கூடத்தில் வேலையாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“ஏலே, கையா தட்டுனாவ?” என்றான். “அங்கன எப்பம் சொன்ன?”

“மூணு வருசமாச்சு.”

“எங்க வாப்பா மவுத்தாகி எட்டு மாசம் ஆவுது. மண்ணு கெடந்தத பாக்காம மூடுன பயன்னுதான் கடைசி வர என்னைய நெனச்சாவ. அவுக இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம்லா?”

கடையநல்லூர் பஸ் வந்து நின்றது.

“உம்மா இருக்காவ. அவுககிட்டயாவது உன் வாயால சொல்லு. ஏறு.”

ஏறினேன். டிக்கெட்டைத் தனித்தனியாக எடுத்தோம். ஊர் வரும்வரை அவன் என் பக்கம் திரும்பவில்லை.