பனியில் பூத்த கள்ளி

ஓஸ்டர்முண்டிகனில் என் பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரி ஒரு மாரிக்குளிரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தன் பல்கனியில் நின்ற கள்ளியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இறந்துபோன கணவர் விதை போட்டு வளர்த்த அமெரிக்கப் பாலைவனச் செடி. அங்கே அதன் சிவப்புப் பூவுக்கு ரீங்காரச்சிட்டுகள் வருமாம்.

குளிருக்குப் பயந்து மகளையே பள்ளியின் பனிச்சறுக்கு ஸ்கீ முகாமுக்கு விடாதவள் நான். செடி பனியில் விறைக்கப் பொறுக்காமல், உள்ளே தூக்கி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் சுகமாகி வருமுன் பழையபடி பல்கனியில் வைத்துவிட்டேன். வைகாசி முடிந்தும் ஒரு மொட்டுக்கூட இல்லை. "மனுசனோட இதுவும் போயிட்டுது" என்று அவர் கண்கலங்கியபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

சிரித்துவிட்டார். "குளிர் பட்டால்தானே இது பூக்கும்!"

அடுத்த மாரி முழுக்கச் செடி பனிக்குள் நின்றது. வைகாசியில் ஏழு சிவப்புப் பூக்கள். ரீங்காரச்சிட்டு இல்லாத ஊரில், அதைப்போலவே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் அந்துப்பூச்சி ஒன்று வந்தது.

பிறகு மகள் ஸ்கீ முகாமுக்கான அனுமதிக் கடிதத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"ஓம், போயிட்டு வா" என்றேன்.