பாதிரியார் வாசல்

அந்தக் கட்டடத்தை அழகு, அழகுன்னு படம் புடிக்கிறானுங்களே, எனக்கு வயிறு எரியுது. பஞ்சாலைன்னு ஒருத்தி, அவளைத் தெரிஞ்சவ எவளும் அதை நின்னு பார்க்க மாட்டா.

கோலா சாவா பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துல மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே கூடம். கிழக்குக் கோடியில பீடம், அதுக்கு முன்னால மடக்குப் பலகைக் கதவு. சாத்திட்டா பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை திறந்தா கோயில். பிள்ளைங்க வேடிக்கை பார்க்கக் கூடாதுன்னு சன்னலையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல வச்சுட்டாரு வெள்ளைக்காரப் பாதிரியாரு. எல்லாருக்கும் முன்வாசல் ஒண்ணுதான். பீடத்துக்குப் பின்னால ஒரு சின்ன வாசல் உண்டு, அது அவருக்கு மட்டும்.

பஞ்சாலை அங்க கூட்டுறவ. கூலிங்க வரிசையா குடியிருக்கிற லயத்துல எனக்கு அடுத்த வீடு. வாயாடி, அவ சிரிச்சா லயம் முழுக்கக் கேக்கும். எங்களை மாதிரி மாரியம்மனைக் கும்புடுறவதான், ஆனா பலகைக்கு அந்தப் பக்கம் வெளக்கமாத்தை நீட்ட மாட்டா. "கருவறை மாதிரிக்கா அது"ம்பா.

ஜப்பான்காரன் வர்றான்னு தெரிஞ்சதும் பாதிரியாரு சிரம்பானுக்குக் கிளம்பிட்டாரு. அப்புறம் ஒரு நாள், எங்களை வேலை வாங்குற மண்டோரு வந்து, "ஆம்பிளைங்கல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வாங்கலா, அரிசி குடுக்கிறாங்க"ன்னான். மரவள்ளிக்கிழங்கையே தின்னு நாக்கு செத்துக் கிடந்த காலம். கொல்லையில கொத்திட்டிருந்தவனெல்லாம் சேத்துக் காலோட ஓடுனான். பஞ்சாலை புருசன் அர்ச்சுனன் முதல் ஆளு.

கொஞ்ச நேரத்துல, நானும் பஞ்சாலையும் நின்ன லயத்து முன்னால லோரி வந்து நின்னுச்சு. ஓட்டிட்டு வந்த தமிழ் ஆளு எங்க பக்கம் குனிஞ்சு, "அரிசியாவது மண்ணாவது! சயாமுக்கு ரயில் ரோடு போட ஏத்துறாங்கம்மா"ன்னான்.

ஐயோ! பஞ்சாலை எடுத்தா ஓட்டம். அதுக்கப்புறம் நடந்தது அவ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறானுங்க, பின்னால ஒருத்தனும் இல்லை. பாதிரியார் வாசல் கொண்டியைத் தட்டித் திறந்துட்டா. திறந்தவ படியிலேயே நின்னுட்டா. அன்னைக்கு அவ வீட்டுக்குத் தூரம், கோயில் படி மிதிக்கக் கூடாத நாளு.

"மாமா! சயாமுக்குக் கொண்டு போறானுங்க, இப்படி வந்துருங்க!"

பலகைக்கு அந்தப் பக்கம் அர்ச்சுனன்: "பீடத்து வழியாவா? சேத்துக் காலோட எப்படிடீ?"

"அதெல்லாம் பரவால்ல, வாங்க மாமா!"

"பலகைக் கொக்கி உன் பக்கம் இருக்கு புள்ள. வந்து எடுத்து வுடு."

"நான் தூரம் மாமா..."

அவ்வளவுதான். உள்ள கத்தலும் அடியும் கேட்டுச்சாம். நான் விழுந்தடிச்சுப் போய்ச் சேர்ந்தப்ப முன்னால லோரி கிளம்புற சத்தம். அதுல போன அர்ச்சுனன் சயாம்லேயே செத்துப் போனான், எலும்பு கூட வரல. லோரி கிளம்புன சத்தத்தைக் கேட்டதும்தான் பஞ்சாலை பாய்ஞ்சு உள்ள போனா. நானும் போனேன். கொக்கியை எடுத்துப் பலகையைத் தள்ளுறா. கூடத்துல ஒரு ஈ காக்கா இல்லை.

கூடத்து வெளிச்சம் உள்ள விழுந்தப்பதான் திரும்பிப் பீடத்தைப் பார்த்தோம். வெறும் மேசை. சிலுவை இல்லை, விளக்கு இல்லை, மாதா சுரூபம் இல்லை. பாதிரியாரு போறப்பவே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்காரு. ஒடைஞ்ச பெஞ்சும் வௌவால் எச்சமும்தான் கிடந்துச்சு. அடக் கடவுளே, இதுக்கா!

பஞ்சாலை அழக்கூட இல்லை. என் கையைப் புடிச்சுக்கிட்டு, "இங்க சாமியே இல்லையேக்கா"ன்னா.