சில்வர் கிளிப்

குமாரபாளையத்து மோகனப்பிரியாவுக்கு வயது முப்பத்தொன்று. "இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆறு வருடமாக அவள் கட்டிக்கொண்டு அழுவது நகத்தளவு சிலிக்கான் துண்டுகளை.

காற்றை உறிஞ்சிவிட்ட கூண்டுக்குள் துண்டை வெள்ளையாகக் கனலவிட்டு, மெல்ல ஆறவைப்பாள். எண்ணூற்று ஐம்பது டிகிரி வாக்கில் மேல்பரப்பு அணுக்கள் தாமாகவே இடம் மாறி, ஒழுங்காக உட்காரும். திரையில் இரண்டு பெரிய புள்ளிகளுக்கு நடுவே ஆறு சின்னப் புள்ளிகள் தெரியும். எந்தச் சூட்டில் அந்தக் கோலம் கலைகிறது, எந்தச் சூட்டில் திரும்புகிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அந்தக் கோலம் வந்து தொலைந்தால்தானே அளக்க! துண்டைப் பிடிக்கும் கிளிப் பழசானதால் புதிது மாட்டினாள். அதன்பிறகு பன்னிரண்டு தடவை சுட்டாயிற்று. பன்னிரண்டு தடவையும் வேறு ஏதோ கோலம். சனிக்கிழமை கூண்டும் திரையுமாக அந்தக் கருவியே வேறு கல்லூரிக்குப் போகிறது. அன்று செவ்வாய்.

ஆராய்ச்சி வழிகாட்டி குருமூர்த்திக்கோ ஒரே குஷி. "புது அமைப்பும்மா இது! இதையே எழுதிக் குடு. பட்டம் உன் கையில."

ஆசையாகத்தான் இருந்தது. ஆறு வருடம் சும்மாவா? ஆனால் மனசு ஒப்பவில்லை. பஸ் ஏறி, கிளிப் செய்து கொடுத்த போர்வெல் ரிக் பட்டறைச் சின்னானிடம் போய் நின்றாள்.

"ஏனுங்ணா, நான் குடுத்த மாலிப்டினம் தகட்டுலதான கிளிப் செஞ்சீங்க?"

"அது மடிக்கையில ஒடஞ்சு போச்சுங்க அம்மிணி. இரும்பு, ஸ்டீலு ஆகாதுன்னீங்கல்ல? அதான் நல்ல சில்வர்ல போட்டேன். காந்தம் வெச்சுக்கூடப் பாத்துட்டனுங்க, ஒட்டவே இல்ல."

அவளுக்குப் பகீரென்றது. அவள் வீட்டிலும் சோறு தின்கிற தட்டு சில்வர்தான். பேர்தான் சில்வர், சாமான் ஸ்டீல், உள்ளே நிக்கல்; அது கலந்திருப்பதால்தான் காந்தம் ஒட்டவில்லை. சூட்டில் துளி நிக்கல் சிலிக்கான்மேல் பரவினால் போதும், அணுக்கள் உட்காரும் வரிசையே மாறிவிடும். புது அமைப்பாம், மண்ணாங்கட்டி!

"வேற தகடு கொண்டாந்திருக்கறேன். செவக்கச் சுட்டு மடிங்க, ஒடையாது. செஞ்சு முடிக்கற வரைக்கும் நான் நகரமாட்டனுங்ணா."

கல்லூரிக்குத் திரும்பியதும் குருமூர்த்தி கத்தினார். "கூண்டத் தொறந்தா மறுபடி காத்த உறிஞ்சவே ரெண்டு நாளாகும்! இருக்கறதையும் கெடுத்துக்காத."

"இப்ப இருக்கறதுதானுங்க சார் கெட்டது."

திறந்தாள். துண்டு உட்காரும் தாங்கியை நிக்கல் போக அமிலத்தில் கழுவினாள், மாலிப்டினம் கிளிப்பை மாட்டினாள், புதுத் துண்டு வைத்தாள், மூடினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் துண்டு வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு இறங்கியது. எண்ணூற்று ஐம்பது. திரையில் ஒன்று, இரண்டு... ஆறு! பாழாய்ப்போன கண்ணீர் வேறு வந்து திரையை மறைத்தது.

குருமூர்த்தி எட்டிப் பார்த்தார். "உலகம் பூராப் பாத்த கோலம்தானேம்மா. இதுல புதுசா என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க சார். இனிமே நான் எழுதற சூடு பொய்யா இருக்காது, அவ்வளவுதான். நாளைக்கு லாரி எத்தன மணிக்குங்க?"

"பத்துக்கு."

"அப்ப பத்து வரைக்கும் கருவி என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி சூட்டை ஏற்றினாள்.